மறுத்ததுக்குக் காரணம்

இல்ல சார், எங்க மாமியாரு பேரு அவ்ளோதான். பச்சையம்மா. முன்னாடியும் ஒண்ணும் கெடையாது, பின்னாடியும் ஒண்ணும் கெடையாது. குடும்பப் பேருன்னு தனியா கேக்குதா? எங்க ஊர்ல ஏது சார் குடும்பப் பேரு? மாமனார் பேரு சின்னக்குழந்தை, அத வேணா போட்டுக்குங்க. போன தபா வேலூர்ல விசா ஏஜெண்டும் அப்படித்தான் போட்டாரு. ஆமா, மாமனாரு இல்ல, செத்துப் போயி ஒம்பது வருஷம் ஆவுது. இருந்தப்பவும் பேருக்கேத்த மாதிரிதான் இருந்தாரு பாவம், இன்னா கேட்டாலும் சிரிப்பாரு.

பொறந்த தேதி ஆதார்ல இருக்கற மாதிரியே அடிங்க. ஜனவரி ஒண்ணு. சிரிக்காதீங்க சார். எங்க ஊர்ல வயசானவங்க பாதிப்பேரு ஜனவரி ஒண்ணுலதான் பொறந்திருக்காங்க. ஆதார் எடுக்க வந்தவங்க அத்தைய எப்பம்மா பொறந்தேன்னு கேட்டாங்களாம். சாமை அறுப்புல பொறந்தேன்னாங்களாம். சாமை அறுப்புக்கு மிசின்ல எடம் இல்லம்மான்ட்டாங்களாம். அத இன்னமும் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க.

அத்தையா? எதுத்தாப்ல ஸ்டூடியோவுல உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன். போன தபா எடுத்த போட்டோ பழசாயிட்டுது, இப்ப செல்லாதாமே. அங்க கரண்டு இல்லயாம், வந்ததும் எடுக்கறேன்னாரு. உங்க கம்ப்யூட்டரு மட்டும் எப்படி ஓடுது, பேட்டரியா? நல்லதாப் போச்சு. அவங்க வர்றதுக்குள்ள இத முடிச்சிட்டா நல்லாருக்கும் சார். இல்ல இல்ல, பஸ்ஸு மூணரைக்குத்தான், அதுக்காக இல்ல. சொம்மா சொன்னேன்.

போன் நம்பரா? இருங்க, இந்த சீட்டுல எழுதி வெச்சிருக்கேன். அத்தைக்குன்னே புதுசா சிம்மு வாங்கியிருக்கு, இத போடுங்க. போன தபா குடுத்தது என் நம்பரு. அது வேணாம் சார். வேணாம்னா வேணாம், இதயே அடிங்க.

ஆஸ்திரேலியாவுக்கு அத்தைய கூப்பிடறது யாருன்னா, சின்ன மருமக. ஃபாயிசா. ஆமா சார், வாணியம்பாடி பாய் வூட்டுப் பொண்ணு. நீங்க புருவத்த தூக்கறது எனக்குத் தெரியுது. மொதல்ல நாங்களும் அப்படித்தான் தூக்கினோம். எங்க கொழுந்தன் ராஜ்குமாரு இங்க ஜமுனாமரத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவரு, அப்புறம் வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. இந்தப் பொண்ணு அதே ஆஸ்பத்திரியில நர்ஸு. ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கினாங்க. பொண்ணோட அப்பாவுக்கு தோல் மண்டி, நல்ல வசதி. அன்னிக்கு அவங்க வூட்டு கதவு சாத்தினது சாத்தினதுதான். அம்மாக்காரி இன்னும் போன எடுக்கறது இல்ல. அவங்களையும் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல சார், ஒரே பொண்ணு, பெத்த வயிறு இன்னா பாடு படுதோ.

மொத மொத அந்தப் பொண்ண இட்டுகினு வந்தப்ப பாக்கணும் நீங்க. பஸ் எறங்கி எங்க வூட்டுக்கு மூணு கிலோமீட்டர் நடக்கணும், செருப்பு வாரு அறுந்து போயி, கால்ல ரத்தம். வாசப்படியில வந்து நின்னுக்கினு, உள்ள வரலாமா வேணாமான்னு முழிக்குது. எங்க அத்தை ஒண்ணுமே கேக்கல. கால்ல தண்ணி ஊத்தி, மஞ்சா வெச்சு, சாமைச்சோறும் மொச்சைக்கொட்ட கொழம்பும் போட்டு, துன்னு கண்ணு மொதல்லன்னாங்க. துன்னுக்கினே அழுவுது அந்தப் பொண்ணு. அன்னில இருந்து அதுக்கு அம்மா எங்க அத்தைதான். அப்புறம் அதுக்கு ஆஸ்திரேலியாவுல நர்ஸ் வேலை கெடச்சு, தம்பியும் கூடப் போயி, நாலு வருஷம் ஆச்சு. மெல்போர்ன்னு ஊரு. அங்க தம்பி ஒரு குடோன்ல வண்டி ஓட்டறாரு.

அத்தை வேலையா? விவசாயம்னு போடுங்க. திரும்பி வர்றதுக்கு இங்க இன்னா இருக்குதுன்னு கேக்குதா? கேக்கும் சார், போன தபாவும் கேட்டுச்சு. நெலம் ரெண்டு ஏக்கரு, பட்டா நகலு இந்தக் கவர்ல இருக்குது. சாமையும் கேவுரும் போடுவோம். புளியமரம் எட்டு. ஆடு பதினொண்ணு. ஆட்ட போட முடியாதா? எங்க அத்தை ஆட்டுக்காகவே ஓடி வந்துடுவாங்க சார், அது விசா குடுக்கறவங்களுக்குத் தெரியாது. பெரிய புள்ள ரமேஷு, அவருதான் எங்க வூட்டுக்காரரு. குடகுல காபி எஸ்டேட்ல இருக்காரு, அறுப்புக்கும் திருவிழாவுக்கும் வருவாரு. வூட்ல அத்தையும் நானும்தான். என் பேரும் போடணுமா? பெரிய மருமக, கல்பனா. முப்பத்தி நாலு. பசங்களா, இல்ல சார். போடுங்க, இல்லன்னே போடுங்க.

முன்னாடி எப்பனா விசா மறுத்தாங்களான்னு கேக்குதா?

ஆமா சார். மறுத்தாங்க. போன வருஷம் ஐப்பசியில. அது இருக்கட்டும், அதுக்கு அடுத்த கேள்விய மொதல்ல அடிச்சிட்டு வரலாமா? அத முடிக்காம அடுத்த பக்கம் போவாதா? நல்ல மிசினு.

சொல்றேன், இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

போன வருஷம் அந்தப் பொண்ணு முழுகாம இருந்துச்சு. தை மாசம் பிரசவம்னு நாள் குடுத்திருந்தாங்க. அம்மா வூட்ல இருந்து ஒரு ஈ காக்கா வராது. நீங்க வந்துருங்கம்மா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு பயம் இல்லம்மா, அப்படின்னு போன்ல கெஞ்சிச்சு. அது வரைக்கும் எங்க அத்தை திருவண்ணாமலையத் தாண்டினது இல்ல சார். பிளேன்ல ஏறணும்னதும் ரெண்டு நாள் சரியா துன்னல. மூணாம் நாளு புளி அடிக்க உக்காந்துட்டாங்க. இன்னாத்துக்குன்னேன். அந்தப் பொண்ணுக்கு வாயிக்கு ஒண்ணுமே புடிக்கலயாம், எங்க கிழக்கு மரத்துப் புளி போட்டு ரசம் வெச்சா எறங்கும்னாங்க. பாத்துப் பாத்து கொட்ட எடுத்து, நாரு எடுத்து, உப்புத் தொட்டு உருட்டி, சின்ன பானையில அடுக்கி, வாய்க்கு துணி கட்டி வெச்சாங்க. அங்க உடுவாங்களோ உட மாட்டாங்களோ, அதெல்லாம் நான் சொல்லல. செய்யட்டும்னு உட்டுட்டேன்.

அந்தப் பானை இன்னும் இருக்குது சார். அதே எடத்துல, அடுப்புக்கு மேல பலகையில. வருஷம் ஒண்ணாச்சு, உள்ள புளி கருத்துப் போயிருக்கும். கொழம்புக்கு எடுக்கலாம்னு கைய நீட்டினா, வேணாம், அது ஃபாயிசாவுக்குன்னு சொல்வாங்க. நான் தெனம் அடுப்பு பத்த வெக்கறப்ப நிமிந்தா அதுதான் தெரியுது.

காரணமா? லெட்டர் வந்துச்சு சார், கம்ப்யூட்டர்ல. வேலூரு ஏஜெண்டு படிச்சு சொன்னாரு. விசா ஆபீசுல இருந்து அத்தைக்குப் போன் போட்டு, தமிழ் பேசற ஆள வெச்சு கேட்டாங்களாம். அப்ப அத்தை, நான் திரும்பி வர மாட்டேன், இங்க எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டாங்களாம். அப்படி சொல்றவங்களுக்கு சுத்திப் பாக்கற விசா எப்படிம்மா குடுப்பான், எவனா குடுப்பானான்னு அந்த ஏஜெண்டு எங்க அத்தை மேல எரிஞ்சு விழுந்தாரு. அத்தை அவர் எதுர்ல நாக்காலியில உக்காந்துக்கினு, மடியில அந்த மஞ்சப் பைய புடிச்சுக்கினு, பே பேன்னு முழிக்கறாங்க.

நான் எப்ப பேசினேன் கண்ணுன்னு என்னத்தான் கேட்டாங்க.

தெரியலத்தைன்னேன்.

அப்பலாம் நெறைய போன் வரும் சார். கேஸ் கம்பெனிக்காரன் பேசுவான், பேங்குன்னு சொல்லி எவனாவது பேசுவான், தம்பியோட சிநேகிதக்காரங்க பேசுவாங்க. அத்தைக்கு எல்லாம் ஒண்ணுதான், யாரு பேசினாலும் நல்லா இருக்கியா சாமின்னு கேப்பாங்க. அதனால, பேசி இருப்பேன், நான்தான் எதனா உளறி இருப்பேன்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. எங்க ஊர்ல ஒரு வழக்கம் சார். கடுக்காய் பொறுக்க, தேன் எடுக்கன்னு காட்டுக்குப் போறவங்க எப்ப திரும்பி வருவேன்னு வாயால சொல்ல மாட்டாங்க. கேக்கறதும் தப்பு. நாள் சொல்லிட்டுப் போனா காடு காதுல வாங்கிக்கும்னு ஒரு பயம். எங்க அத்தை இதோ இருக்கற சந்தைக்குப் போனாக்கூட எப்ப வருவீங்கன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க, பாக்கலாம்னுட்டு நடையக் கட்டுவாங்க. அதான், எவனோ போன்ல எப்பம்மா திரும்பி வருவேன்னு கேட்டிருப்பான், நான் பழக்க தோஷத்துல பாக்கலாம்னு சொல்லி இருப்பேன், அத வெச்சு வர மாட்டேன்னு எழுதிக்கினாங்கன்னு, அவங்களே ஒரு கதைய கட்டி, அவங்களே நம்பிட்டாங்க.

அந்த வருஷம் பூரா அதே பேச்சு சார். என் வாய்க்கு சூடு வெக்கணும், என் வாய்க்கு சூடு வெக்கணும்னு. தம்பி போன் பண்ணா எடுக்க பயந்துக்குவாங்க. அந்தப் பொண்ணு ஒரு வார்த்த கோவிக்கல. பரவால்லம்மா, அடுத்த தபா பாத்துக்கலாம்மான்னு அதுதான் தேத்துது. வயித்த தள்ளிக்கினு அங்க அது தனியா நிக்குது, இங்க இவங்களுக்கு ஆறுதல் சொல்லுது.

பிரசவம் நல்லாதான் ஆச்சு, பொம்பளப் புள்ள. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. தம்பிக்கு லீவு கெடைக்கல, அஞ்சாம் நாளு வேலைக்குப் போய்ட்டாரு. இது எழுந்து, அதுவே சமைச்சு, அதுவே புள்ளைய தூக்கி, குளிப்பாட்டி. ஒம்பதாம் நாளு தையல் உட்டுப் போச்சு. சீழ் வெச்சு, திரும்ப ஆஸ்பத்திரியில பதினோரு நாளு. புள்ள புட்டிப் பாலுதான். ஒரு நாள் வீடியோவுல பேசுது, மொகம் எலுமிச்சம் பழம் மாதிரி வெளுத்துக் கெடக்குது. எங்க அத்தை போன்ல அந்த மொகத்த தடவித் தடவி, நான் வந்திருந்தா உன்ன கட்டில்ல இருந்து எறங்க உட்டிருப்பேனா கண்ணு, என் நாக்கு அழுவிப் போவணும்னு தலையில அடிச்சுக்கினாங்க. நான் பக்கத்துல போன புடிச்சுக்கினு நிக்கறேன் சார். போன நேரா புடி கல்பனா, கொழந்த தெரியலங்கறாங்க.

இப்ப புள்ள தத்தித் தத்தி நடக்குதாம். அதுக்கு எங்க அத்தைன்னா போன் கண்ணாடிக்குள்ள இருக்கற ஒரு கெழவிதான்.

இந்த லெட்டரா? அத ஏன் சார் அதுக்குள்ள எடுத்தீங்க. ஆமா, தம்பி அனுப்பினதுதான், இங்கிலீஷ்ல இருக்குது. போன தபா மறுத்ததுக்கு விளக்கம் குடுக்கணுமாம், அதுக்குக் கூட வெக்கணுமாம். உங்களுக்குப் படிக்கத் தெரியுமே, இன்னா எழுதியிருக்குதுன்னு பாருங்க. நான் வயசான பொம்பள, படிக்காதவ, காது சரியா கேக்காது, கேள்வி புரியாம தப்பா பதில் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு. அதானே? தம்பி போன்ல தமிழ்ல படிச்சு காட்டிச்சு. அத்தை கேட்டுட்டு, புத்தி கெட்டவன்னும் சேத்து எழுதிக்கடா, புள்ளைய பாத்தா போதும்னாங்க. கீழ அவங்க கையெழுத்து போடணும். நூறு நாள் வேலைக்காக கத்துக்கின கையெழுத்து சார் அது, ப போட்டு புள்ளி வெக்கறதுக்குள்ள பாதி மூச்சு போயிடும். பத்து நாளா காலண்டர் தாள்ல எழுதி எழுதிப் பழகறாங்க. நேத்து வந்து காட்டறாங்க, நல்லா வருதா கல்பனா, வெள்ளக்காரன் ஒத்துக்குவானான்னு.

அவங்களுக்கு காது நல்லா கேக்கும் சார். ஆடு எங்க கத்துதுன்னு வூட்டுக்குள்ள இருந்தே சொல்வாங்க.

நேத்து ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

இல்ல சார், அந்த லெட்டர வெக்க வேணாம். வெச்சா சுலபமா முடிஞ்சிடும்னு எனக்கும் தெரியும். நான் சொல்றத கேளுங்க. எங்க வூட்ல சிக்னல் கெடையாது. வூட்டுக்கு மேல ஒரு பாறை இருக்குது, அங்க ஏறினாத்தான் ரெண்டு கோடு வரும். ஆடு மேயற நேரத்துல போன எடுத்துக்கினு நான் அங்க உக்காருவேன். புரட்டாசி கடைசி, வெள்ளிக்கிழம, பத்து பத்தரை இருக்கும். போன் வந்துச்சு. நம்பரு நீளமா இருந்துச்சு. ஒரு பொம்பள, நல்லா பொறுமையா தமிழ் பேசினாங்க. பச்சையம்மாதான பேசறீங்கன்னு கேட்டாங்க.

கீழ களத்துல அத்தை சாமை பொடச்சுக்கினு இருந்தாங்க. கூப்பிடற தூரம்தான். மொறம் ஏறி எறங்கறது எனக்குத் தெரியுது. அத்தைன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா, மொறத்தப் போட்டுட்டு ஓடி வந்திருப்பாங்க.

ஆமாங்க, பச்சையம்மாதான்னு சொன்னேன்.

எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. வந்துடுச்சு. பொறந்த தேதி கேட்டாங்க, ஜனவரி ஒண்ணுன்னேன். வூட்டுக்காரர் பேரு கேட்டாங்க, புள்ள பேரு கேட்டாங்க, மருமக பேரு கேட்டாங்க. எனக்குத் தெரியாதா சார், அந்த வூட்ல பதினோரு வருஷமா சோறு துன்றேனே. கொரல மட்டும் கொஞ்சம் தளத்திக்கினேன். எதுக்கும்மா போறீங்கன்னாங்க. புள்ள கூட இருக்கன்னேன். எப்ப திரும்பி வருவீங்கன்னாங்க. வர்ற எண்ணம் இல்லங்கன்னேன். ஏம்மா, இங்க உங்களுக்கு வூடு இருக்குது, பெரிய புள்ள இருக்காரே, பெரிய மருமக இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்களேன்னு கேட்டாங்க. அவங்க எனக்கு ஒண்ணும் ஆவ மாட்டாங்க, இங்க எனக்குன்னு யாரும் இல்லங்கன்னு சொன்னேன். நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மான்னு இன்னொரு தபா கேட்டாங்க சார், அந்தப் புண்ணியவதி. யோசிச்சுத்தான் சொல்றேன்னேன்.

கீழ எறங்கி வந்தா, யாரு போன்லன்னு கேட்டாங்க அத்தை. கேஸ் கம்பெனின்னேன். இந்தா, வெயில்ல காஞ்சு வந்திருக்கன்னு மோரு குடுத்தாங்க. வாங்கிக் குடிச்சேன்.

ஏன்னு கேளுங்க. பாவி, ஏண்டி அப்படி சொன்னன்னு கேளுங்க. நீங்க கேக்க மாட்டீங்க, நல்ல மனுஷன். நானே சொல்றேன். எனக்கு ரெண்டு தபா கலஞ்சு போயிருக்குது சார். ஒண்ணு மூணு மாசத்துல, ஒண்ணு ஆறு மாசத்துல. ரெண்டாவது தபா, அவரு குடகுல. மழை, ரோட்டு வரைக்கும் வண்டி வராது. அத்தைதான் ஒரு புடவைய மூங்கில்ல கட்டி, ஒரு பக்கம் பக்கத்து வூட்டு முத்தம்மாவோட வூட்டுக்காரரு, இன்னொரு பக்கம் அவங்க தோள்ல, அந்த வயசுல, மூணு கிலோமீட்டரு என்ன தூக்கிக்கினு வந்தாங்க. நான் பொழச்சதே அதனாலதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் பங்காளி வூட்டு மங்கம்மாள் வந்து, பெரியவனுக்கு வேற எடத்துல பொண்ணு பாக்கலாமேன்னு ஆரம்பிச்சப்ப, மொறத்த ஓங்கிக்கினு தொரத்தினாங்க. இன்னிக்கு வரைக்கும் புள்ள இல்லன்னு ஒரு சொல்லு, ஒரு பார்வ, ஒண்ணு கெடையாது சார்.

அந்தப் புரட்டாசியில எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சு. நாப்பத்தஞ்சு நாளு. யாருக்கும் சொல்லல. எங்க பக்கம் மூணு மாசம் தாண்டாம வாயத் தொறக்கக் கூடாதும்பாங்க. முன்னாடி ரெண்டு தபாவும் நான் சந்தோஷத்துல மொதல்லயே சொல்லிட்டேன், அதனாலதான் தங்கலன்னு எனக்குள்ள ஒரு நெனப்பு. அவருகிட்டகூட சொல்லல. சொன்னா போயிடும், சொல்லலன்னா அத்தை போயிடுவாங்க. ஆறு மாசம். அந்த வூட்ல நான் தனியா, மறுபடியும் ஒண்ணு ஆனா என்ன யாரு தூக்கிக்கினு ஓடுவா? ஃபாயிசாவுக்கு அங்க பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, அதுவே நர்ஸு, அதுக்கு எதுக்கு எங்க அத்தைன்னு மனசுக்குள்ள ஒரு பேயி உக்காந்து பேசிக்கினே இருந்துச்சு. அப்பத்தான் அந்தப் போன் வந்துச்சு.

அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லி இருந்தா போவ மாட்டாங்க சார். பயமா இருக்குது, போவாதீங்கன்னு சொல்லி இருந்தாக்கூட போதும், ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அது கூட எனக்கு அப்ப தோணல.

அதுக்கப்புறமா? பதினெட்டு நாள் கழிச்சு தீட்டு வந்துடுச்சு. கலஞ்சது கூட இல்ல சார். ஒண்ணுமே இல்லயாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன், ரத்தம் கம்மியா இருக்குது, அதான் தள்ளிப் போச்சு, வயித்துல ஒண்ணும் இல்லன்னு இரும்புச் சத்து மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. ஒண்ணும் இல்லாததுக்குத்தான் நான் அவ்ளோ பெரிய பொய்ய சொல்லி இருக்கேன். செவப்பு மாத்திர, அதப் பாத்தாலே கொமட்டுது. கொஞ்ச நாள்ல லெட்டரும் வந்துடுச்சு. ஏஜெண்டு எதுர்ல அவங்க என்னப் பாத்து கேட்டாங்களே, அப்ப சொல்லி இருக்கணும். அன்னிக்கு சொல்லாதது, அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் பெருசா ஆயிட்டே வந்துச்சு. இந்தப் போனு, இதே போனு, அந்தப் பொண்ணு தன்னோட மொத சம்பளத்துல எனக்கு வாங்கி அனுப்பினது. அக்கா அக்கான்னுதான் கூப்பிடும். தையல் உட்டுப் போச்சுன்னு அது சொன்னப்ப, அக்கா நீங்க அம்மாவ பாத்துக்குங்க, ரொம்ப அழுவறாங்கன்னு எங்கிட்ட சொல்லிச்சு சார்.

அழல, விடுங்க. தூசி.

நடந்தத அப்படியே எழுதினா விசா ஆபீசுல ஒத்துக்குவாங்களா? உங்களுக்கும் தெரியாதா. சரி. என் மேல கேஸு வருமா? வரலாமா. வரட்டும் சார். அனுப்பறதுக்கு முன்னாடி ஃபாயிசா ஒரு தபா படிச்சுப் பாக்கும், அதுக்கு மெயில்ல போவும், அதுவும் தெரியும். அது படிக்கும், தம்பி படிப்பாரு, குடகுக்கு விஷயம் போவும். எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணுவாரோ தெரியாது. அந்தப் பொண்ணு இனிமே அக்கான்னு கூப்பிடாது. ஆனா அத்தை கையால நான் புத்தி கெட்டவன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கினு, அந்தக் கையாலயே நான் சோறு வாங்கித் துன்னணுமா? முடியல சார். போன வருஷமே முடியல.

கரண்டு வந்துடுச்சு போல, ஸ்டூடியோவுல லைட்டு எரியுது.

அடிங்க. மறுத்ததுக்குக் காரணம்னு இருக்குதே, அதுக்குக் கீழ. போன்ல பேசினது பச்சையம்மா இல்ல. பச்சையம்மாவோட பெரிய மருமக கல்பனா, மாமியார் மாதிரி பேசிட்டேன். மாமியாருக்கு எதுவும் தெரியாது. அவங்க கண்டிப்பா திரும்பி வருவாங்க, இங்க அவங்களுக்கு ஆளு இருக்குது. அந்தக் கடைசிய உடாம அடிங்க சார். இங்க அவங்களுக்கு ஆளு இருக்குதுன்னு.

அதோ, ரோட்டத் தாண்டி வராங்க பாருங்க. கையில டீயி வேற. நிறுத்தாதீங்க, நீங்க அடிச்சுக்கினே இருங்க.

வாங்கத்தை. எதுக்கு டீயி, நான் கேட்டேனா? சாருக்கும் சேத்து வாங்கினீங்களா, சரி சரி. போட்டோ காட்டுங்க. அய்ய, சிரிக்காதீங்கன்னு அவ்ளோ சொல்லியும் சிரிச்சிருக்கீங்களே. புள்ளைய நெனச்சுக்கினீங்களா? நல்லாத்தான் இருக்குது. உக்காருங்கத்தை, இப்படி எம்பக்கத்துல உக்காருங்க. பேனாவா? வேணாம், உள்ள வெச்சுடுங்க. அந்த லெட்டர்ல நீங்க கையெழுத்து போட வேண்டியது இல்ல. இந்தத் தபா நான்தான் போடணும்.

ஏன்னா, அத சார் சொல்வாரு. சார், அடிச்சிட்டீங்களா? கடைசியா அடிச்சத ஒரு தபா தமிழ்ல படிங்க. கொஞ்சம் சத்தமாவே படிங்க சார், எங்க அத்தை கேக்கட்டும்.